பள்ளிப் பிள்ளைகளின் பல்வரிசை: யாருக்குக் கிளிப் தேவை?

பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெற்றுப்பல்லாகவோ, முன்னோக்கித் துருத்தி எத்துப்பல்லாகவோ, மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்தாமலோ அமைவது பல்வரிசைப் பிறழ்வு எனப்படும். மக்கள் வழக்கில் 'கிளிப் போடுதல்' எனப்படும் முறையால் அதைச் சரிசெய்யும் துறை பற்சீரமைப்பு மருத்துவமாகும். சிறு பிறழ்வுகள் பெரும்பாலோரிடம் காணப்படுவதாலும், அவை யாவும் நலத்தைக் கெடுப்பதில்லை என்பதாலும், சிகிச்சை யாருக்கு இன்றியமையாதது, யாருக்கு விருப்பம் சார்ந்தது என்று பிரித்தறிவது அவசியமாகிறது.

இதற்கென 1989-இல் பிரிட்டனில் புரூக், ஷா ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட பற்சீரமைப்புத் தேவைக் குறியீடு இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி பல்நலத்தின் அடிப்படையில் ஐந்து படிகளை வகுக்கிறது. மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைத் தாண்டி நிற்கும் தொலைவு 6 மில்லிமீட்டருக்கு மேல் 9 வரை இருந்தால் நான்காம் படியிலும், 9-ஐ மிஞ்சினால் ஐந்தாம் படியிலும் குழந்தை சேர்க்கப்படுகிறது. துருத்திய பல் கீழே விழும்போது எளிதில் உடையும் என்பதாலும், முளைக்க வழியின்றி எலும்பினுள் சிக்கிய கோரைப்பல் அடுத்த பல்லின் வேரை அரிக்கக்கூடும் என்பதாலும், குறைகளைக் கூட்டிப் பார்க்காமல், இருப்பவற்றுள் மிகக் கடுமையான ஒன்றைக் கொண்டே படி முடிவு செய்யப்படுகிறது. இரண்டாம் பகுதியில், அழகின் வரிசையில் அடுக்கிய பத்துப் புகைப்படங்களோடு குழந்தையின் பல்வரிசை ஒப்பிடப்படுகிறது. தோற்றக் குறை பிள்ளையின் மனத்தை வாட்டுவதும் தேவையின் ஒரு கூறே என்பதை இது ஏற்கிறது.

இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவை, 18 வயதுக்குட்பட்டோரில் நான்காம், ஐந்தாம் படியினருக்கும், மூன்றாம் படியில் இருந்து தோற்ற அளவில் ஆறு அல்லது அதற்கு மேல் பெறுவோருக்கும் இச்சிகிச்சையை இலவசமாக அளிக்கிறது. பொதுப்பணம் அளவுக்குட்பட்டதாக இருக்கையில், வசதியோ வற்புறுத்தலோ அன்றித் தேவையே முன்னுரிமையைத் தீர்மானிக்க இவ்வகை அளவீடு துணைபுரிகிறது.

கோரைப்பல்லின் புடைப்பை 9 அல்லது 10 வயதிலேயே ஈற்றின்மேல் விரலால் தடவி அறிய இயலும் என்பதால், பால்பற்கள் முழுவதும் விழட்டும் என்று காத்திராமல், அந்த வயதிலேயே பிள்ளையின் வாயை ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவது பெற்றோரின் கடமையாகும்.