கருவில்லை என்பது உறவாகுமா?

ஓர் உயிரியை அதனிடம் இல்லாத ஒன்றைக் கொண்டு வகைப்படுத்துவது எத்தகைய தவறுக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு நுண்ணங்கியியலின் வரலாறு நல்லதோர் உதாரணமாகும். கருவற்ற ஒருகல அங்கிகள் யாவும் நீண்டகாலம் பற்றீரியாக்கள் என்றே கொள்ளப்பட்டன. கோளம், கோல், சுருள் என வடிவத்தாலும், 1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமிடல் முறையாலும் அவை பிரித்தறியப்பட்டன. நோயாளிக்கு ஏற்ற மருந்தைத் தெரிவதற்கு அம்முறை இன்றும் கைகொடுக்கின்றது. ஆனால், எது எதற்கு உறவு என்பதை நுணுக்குக்காட்டியால் சொல்ல முடியவில்லை.

1977இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் வூஸும் ஜோர்ஜ் பொக்ஸும் வேறுவழியை நாடினர். புரதத்தைத் தயாரிக்கும் இறைபோசோம் எல்லாக் கலங்களிலும் உண்டு. அதிலுள்ள ஆர்.என்.ஏ. மிக மெதுவாகவே மாற்றமடைவதால் பழைய உறவுகளின் தடயம் அதில் எஞ்சியிருக்கின்றது. அதனை ஒப்பிட்டபோது, மெதேன் வாயுவை உருவாக்கும் அங்கிகள் பற்றீரியாக்களே அல்ல எனத் தெரியவந்தது. அவற்றின் கலச்சுவரின் ஆக்கமும் வேறு. பற்றீரியாச் சுவரின் உருவாக்கத்தைத் தடுக்கும் பெனிசிலின் அவற்றிடம் பலிப்பதில்லை.

பற்றீரியா, ஆர்க்கியா, கருவுள்ளவை என மூன்று பேரிராச்சியங்களை வூஸ் 1990இல் சகாக்களுடன் முன்மொழிந்தார். ஏர்ணஸ்ட் மாயர் போன்ற பேரறிஞரே அதனை ஏற்க மறுத்தமை நமக்கு வியப்பளிக்கவில்லை. பழகிய பிரிவினையைக் கைவிடுவது எவருக்கும் இலகுவன்று. எனினும், 2015இல் ஆர்க்டிக் கடலடிப் படிவுகளிலிருந்து அறியப்பட்ட ஆர்க்கியாக்களின் மரபணுக்கள், கருவுள்ள கலங்களுக்கு, அதாவது நமக்கும், அவையே நெருங்கிய உறவினர் எனக் காட்டின.