கம்பி எதுவரை போகும்? (வடசென்னைத் தொழில்கள் – 14)

கிராமத்துக்கு மின்கம்பி இழுக்கும் செலவும் நகரத்தில் ஒரு தெருவுக்கு இழுக்கும் செலவும் ஒன்றல்ல. நகரத்தில் பத்துக் கம்பம் நட்டால் நூறு வீடு சேரும். கிராமத்தில் வயல்வெளி நெடுக உயரழுத்தக் கம்பி போட்டு, டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, ஊருக்குள் கொண்டுவந்தாலும் வீட்டுக்கு ஒரு பல்புதான் எரியும். அதுவும் பொழுது சாய்ந்த பிறகு சில மணி நேரம். போட்ட முதல் திரும்பி வர எத்தனை ஆண்டு ஆகுமோ சொல்ல முடியாது. லாபக் கணக்குப் பார்க்கும் நிறுவனம் ஊர் எல்லையில் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

சென்னையில் மின்விநியோகம் தனியார் கையில்தான் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேசின்பிரிட்ஜில் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுத்த மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன், கடைத்தெரு, அலுவலகம், ஆலை, வசதியான வீடு என்று பணம் வரும் பக்கமாகவே கம்பியைக் கொண்டுபோனது. மற்ற ஊர்களிலும் உரிமம் பெற்ற கம்பெனிகள் இருந்தன. அவையும் நகர எல்லையைத் தாண்ட அவசரப்படவில்லை. 1947இல் சென்னைக் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது.

கிராமத்துக்கான வழி வேறு பக்கத்திலிருந்து திறந்தது. 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என அரசு கட்டிய நீர்மின் நிலையங்களிலிருந்து கம்பிகள் சமவெளிக்கு இறங்கின. 1957 ஜூலை 1 அன்று மின்வாரியம் உருவானது. அன்றைய பொறியாளர்கள் கண்டுகொண்ட வழி கிணற்றில் இருந்தது. பல்பு இரவில் மட்டும் எரியும். பம்ப்செட் பகலில் ஓடும், பல்பைவிடப் பல மடங்கு மின்சாரம் எடுக்கும், கட்டணமும் தரும். ஒரு கம்பியில் நான்கைந்து கிணறு சேர்ந்தால் அந்தக் கம்பிக்குக் கணக்குக் கட்டும். ஊரின் வீடுகளுக்கும் தெருவிளக்குக்கும் அதே கம்பி போதும். 1960களின் தொடக்கத்தில் நாட்டின் மின் பம்ப்செட்டுகளில் பெரும்பங்கு சென்னை மாநிலத்தில் இருந்தது இப்படித்தான்.

வணிகம் உண்மையில் நுழைந்த இடமும் இதுவே. கம்பியை வாரியம் போட்டது. மோட்டாரையும் பம்பையும் கோயம்புத்தூர்ப் பட்டறைகள் செய்தன. கமலை இறைத்த விவசாயி ஸ்விட்சைத் தட்டினார். ஒரு போகம் விளைந்த காணியில் இரண்டாவது போகம் வந்தது. வறுமையைக் குறைத்ததில் மின்சாரத்தின் பங்கு வீட்டு வெளிச்சத்தைவிட இந்த இரண்டாவது போகத்தில்தான் அதிகம். 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானபின் வாரியத்தின் பழைய கணக்கு மாறியது, நிலத்தடி நீரும் கீழே போனது. ஆனாலும் முதலில் கம்பி போனதற்குக் காரணம் கட்டணம் செலுத்திய கிணறுகள் என்பதை மறக்கலாகாது.

மழை பொய்த்தால் நீர்மின்சாரம் இல்லை. அந்தக் குறையை நிரப்பவே எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. 1970 முதல் 1975 வரை ஐந்து அலகுகள், மொத்தம் 450 மெகாவாட். கப்பலில் வந்த நிலக்கரி சென்னைத் துறைமுகத்தில் இறங்கி ரயிலில் எண்ணூர் போனது. 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம், பிறகு தேசிய அனல்மின் கழகமும் மாநில மின்கழகமும் சரிபாதிப் பங்கில் கட்டிய வல்லூர் நிலையம், இவற்றுக்கு நிலக்கரி இறக்க 2001இல் எண்ணூர்த் துறைமுகம். தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போன மின்சாரத்தில் ஒரு பெரும் பங்கு இந்தக் கடற்கரையில் விளைந்தது.

மின்சாரம் கூலியாக மாறுவதைக் காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் கண்ணால் பார்க்கலாம். தகர அச்சுகளில் நல்ல தண்ணீர் நிரப்பி, அமோனியாவால் குளிர்ந்த உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். அச்சு முழுதும் உறைய கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும். உறைந்த பாரை வெளியே எடுத்து, மெஷினில் உடைத்து, படகின் ஐஸ் பெட்டிக்குள் கொட்டுகிறார்கள். ஐஸ் இருந்தால் படகு பல நாள் கடலில் தங்கலாம். கூடையில் மீன் விற்கும் பெண் மாலை வரை விலை பேசலாம். ஐஸ் இல்லாவிட்டால் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும், அல்லது கருவாட்டுக்குப் போட வேண்டும். கரண்ட் நீண்ட நேரம் போனால் தொட்டியில் இருப்பது பாதி உறைந்து கெடும். ஐஸ் ஃபேக்டரி வைத்திருப்பவர் தனியார். அவருக்கு வேண்டியது தடையில்லாத கம்பி.

மின்சாரம் உற்பத்தி செய்யவும் தனியாரை அழைக்கலாம் என்ற முடிவு 1991இல் வந்தது. அதன்படி பேசின்பிரிட்ஜில் ஜிஎம்ஆர் வாசவி நிறுவனம் சுமார் 200 மெகாவாட் டீசல் எஞ்சின் நிலையம் ஒன்றைக் கட்டி, 1999 முதல் பதினைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாரியத்துக்கு மின்சாரம் விற்றது. எரிபொருள் விலையை அப்படியே வாங்குபவர் தலையில் ஏற்றும் ஏற்பாடு இத்தகைய ஒப்பந்தங்களின் அடிப்படை. எண்ணெய் விலை ஏற ஏற யூனிட் விலையும் ஏறியது. நிறுவனம் தன் கடமையைச் செய்தது. ஆனால் ஆபத்தை யார் சுமப்பது என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பதில், பொதுப்பணம் சுமக்கட்டும் என்பதாக இருந்தது.

கம்பியே வராத நாடுகளில் வணிகம் வேறு உருவம் எடுத்தது. கென்யாவில் எம்-கோபா நிறுவனம் சூரியத் தகடும் விளக்கும் கடனுக்குக் கொடுத்து, கைபேசி வழியே தினமும் சிறு தொகையாக வசூலித்தது. பணம் நின்றால் விளக்கும் நிற்கும். காசிமேட்டில் தண்டல் வாங்கிப் பழகியவர்களுக்கு இது புரியாத ஏற்பாடு அல்ல. கர்நாடகத்தில் 1995இல் தொடங்கிய செல்கோ, கிராம வங்கிக் கடனோடு சூரிய விளக்கை இணைத்தது. பீகாரில் ஹஸ்க் பவர் உமியிலிருந்து வாயு எடுத்து ஊருக்குள்ளேயே மின்சாரம் விற்றது. இந்தியாவின் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், அறிவிக்கப்பட்ட கிராமப் பகுதிகளில் இப்படி உற்பத்தி செய்து விற்க உரிமமே தேவையில்லை என்றது. வங்காளதேசத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுச் சூரியக் கருவிகள் தவணையில் போய்ச் சேர்ந்தன. பிறகு அரசுக் கம்பி ஊர் ஊராக வந்தது. கருவி விற்பனை படுத்துவிட்டது. தகடு விளக்கையும் மின்விசிறியையும் தாங்கும். மாவு மில்லையும் வெல்டிங் பட்டறையையும் தாங்க, தொகுப்புக் கம்பியே வேண்டும் என்று மக்கள் முடிவு செய்தார்கள். அந்த முடிவு சரியானது.

இந்தக் கணக்கில் எழுதப்படாத செலவு ஒன்று உண்டு. அது வடசென்னையில் கிடக்கிறது. துறைமுக நிலக்கரித் தூள் ராயபுரத்து வீடுகளில் ஆண்டுக்கணக்காகப் படிந்தது; உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் அந்தச் சரக்கு எண்ணூருக்கு மாறியது. தூசு ஊர் மாறியது, அவ்வளவே. அனல்மின் நிலையச் சாம்பல் தண்ணீரில் கரைக்கப்பட்டுக் குழாய் வழியே சாம்பல் குட்டைக்குப் போகிறது. குழாய் உடையும்போதெல்லாம் சேறு கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் இறங்கியது. கழிமுகம் ஆழம் குறைந்தது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களின் இறால் பிடிப்பும் குறைந்தது. சாம்பல் குட்டையை ஒட்டிய செப்பாக்கத்தில் காற்றிலும் கிணற்றிலும் அதன் தடம்.

உலர்ந்த சாம்பலை சிமெண்ட், செங்கல் நிறுவனங்கள் வாங்கிக்கொள்கின்றன. அங்கே வணிகம் பயனுள்ள வேலை செய்கிறது. மிச்சம் குட்டையில் சேர்கிறது. தொலைவில் உள்ள கிராமத்தில் யூனிட் மலிவாகக் கிடைப்பதற்கு இந்த மிச்சத்தின் விலை யூனிட்டில் ஏறாததும் ஒரு காரணம். மத்திய அரசு 2021 டிசம்பர் 31 அன்று வெளியிட்ட அறிவிக்கை, பயன்படுத்தப்படாத சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு விதிக்கிறது. அந்தத் தொகை சாம்பலை அப்புறப்படுத்துவதற்கானது. பிடிப்பு குறைந்துபோன மீனவருக்கு அதில் பங்கு இல்லை. அந்தப் பங்கை எழுதிச் சேர்ப்பதே அடுத்து ஆக வேண்டிய வேலை.