பெயரைக் கேட்காமல் அடையாள அட்டையைக் கேட்பது ஏன்?

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபு பாசார் பக்கம் ஒரு கிளினிக்குக்குப் போகிறீர்கள். முகப்பில் இருப்பவர் முதலில் கேட்பது அடையாள அட்டையைத்தான். ஏன் தெரியுமா, மாணவர்களே?

லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி என ஒரே பெயரை நம்மவர்கள் பலவிதமாக எழுதுகிறார்கள். கணினிக்கு இவர்கள் மூன்று பேர்! அதைவிட ஆபத்தானது, இரண்டு லெட்சுமிகளின் பதிவுகள் ஒன்றாகக் கலந்துவிடுவது. ஆனால் 12 இலக்க அடையாள எண் ஒருவருக்கு ஒன்றுதான். முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம், பினாங்குக்கு 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

எண்ணைத் தட்டியதும் மின்னியல் மருத்துவப் பதிவேடு திறக்கிறது. நோயாளி சொன்னது, மருத்துவர் சோதித்துக் கண்டது, அவருடைய கணிப்பு, இனிச் செய்ய வேண்டியது என நான்கு பகுதிகளாக எழுதுவது பல மருத்துவர்களின் வழக்கம். அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1960களில் வகுத்த முறையிலிருந்து வந்தது இது.

பதிவேட்டின் உண்மையான பலம் மருந்து எழுதும்போது தெரியும். ஒருவருக்குப் பென்சிலின் ஒவ்வாமை. மருத்துவர் 'ஆக்மென்டின்' என்று தட்டுகிறார். அந்தப் பெயரில் பென்சிலின் என்ற சொல்லே இல்லை. ஆனால் அதிலுள்ள அமோக்சிசிலின் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. மருந்துகளைக் குடும்பவாரியாக இணைத்து வைத்திருக்கும் மென்பொருள் உடனே எச்சரிக்கும். ஒவ்வாமை கடுமையானால் மூச்சுத் திணறி உயிரே போகலாம் என்பதால் இது சின்ன விஷயமல்ல. ஒன்று மட்டும்: ஒவ்வாமையை அதற்குரிய கட்டத்தில் பதியாமல், "ஊசி போட்டால் தடிப்பு" என்று குறிப்போடு குறிப்பாக எழுதிவிட்டால் கணினிக்குப் புரியாது. தேவையில்லாததற்கெல்லாம் எச்சரித்தாலும் தொல்லைதான். மருத்துவர் படிக்காமலே மூடிவிடுவார்.

இன்னொரு பயன் நீரிழிவில். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அதிலுள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். அந்த அளவைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை, ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைச் சொல்லும். 6.8, 7.2, 7.9 விழுக்காடு எனத் தனித்தனித் தாள்களில் கிடந்தால் கண்ணில் படாத ஏற்றம், திரையில் கோடாக வரைந்தால் பளிச்செனத் தெரியும்.

1999இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை காகிதமின்றி இயங்கவே திட்டமிடப்பட்டது. ஆனாலும் பல தனியார் கிளினிக்குகளின் பதிவு இன்றும் அந்தக் கிளினிக்கைத் தாண்டிப் போவதில்லை. நள்ளிரவில் பாட்டியை அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், அங்குள்ள மருத்துவருக்கு அது திரையில் தெரியாமல் போகலாம். "என்ன மருந்து சாப்பிடுறீங்க, பாட்டி?" என்றுதான் கேட்பார். "சின்னதா, வெள்ளையா ஒரு மாத்திரை" என்ற பதிலை வைத்து எந்தக் கணினியும் தேட முடியாது. மருந்து உறைகளையே கையோடு எடுத்துப் போங்கள். மருந்தின் பெயரும் அளவும் அதில்தான் இருக்கும்.