எண்ணெயின் வகையும் அளவும்: குடல் பாக்டீரியாக்கள் காட்டும் கணக்கு

சமையல் எண்ணெயைப் பற்றிய விவாதம் நெடுங்காலமாக இதயத்தையும் கொலஸ்ட்ராலையும் சுற்றியே நடந்துவந்தது. அண்மைக் காலத்தில் ஆய்வாளர்களின் கவனம் பெருங்குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களின் பக்கமும் திரும்பியுள்ளது. உண்ணும் கொழுப்பில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்து உறிஞ்சப்பட்டுவிடுவதால் பெருங்குடலை எட்டும் எண்ணெய் மிகச் சிறிதளவே என்றாலும், அதன் விளைவு பித்தநீர் வழியாக அங்கும் போய்ச் சேர்கிறது.

கல்லீரல் சுரக்கும் பித்தநீரிலுள்ள அமிலங்கள், பாத்திரத்தின் பிசுக்கைச் சோப்பு பிரிப்பதுபோலக் கொழுப்பை நுண்துளிகளாகப் பிரிக்கின்றன. வேலை முடிந்ததும் பெரும்பாலும் திரும்ப உறிஞ்சப்படும் அவ்வமிலங்களில் ஒரு சிறு பங்கு பெருங்குடலுக்குள் நழுவிவிடுகிறது. இப்பங்கின் தன்மையைக் கொழுப்பின் வகை மாற்றக்கூடும் என்பதை, சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் எலிகளில் காட்டினர். பால் கொழுப்பு மிகுந்த உணவு, கந்தகம் கொண்ட டாரின் என்னும் பொருளுடன் இணைந்த பித்த அமிலத்தைப் பெருக்கியது. அதனால் பைலோஃபிலா என்னும் பாக்டீரியா செழித்து, மரபுவழியில் பாதிப்புக்கு ஆளாகக்கூடிய எலிகளில் குடல் அழற்சி கூடியது. அதே அளவு கொழுப்பைக் குசும்பா எண்ணெயாகத் தந்தபோது இம்மாற்றம் நிகழவில்லை.

இதைக்கொண்டு தாவர எண்ணெய் எதுவாயினும் எவ்வளவாயினும் குடலுக்குத் தீங்கற்றது என்று முடிவுகட்ட இயலாது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் நடந்து 2023-இல் வெளியான எலி ஆய்வில், சோயா எண்ணெய் மிகுந்த உணவு, குடற்சுவரில் ஒட்டி ஊடுருவும் ஒருவகை ஈ. கோலை பாக்டீரியாவைப் பெருக்கி, குடலின் உட்புறத் தடுப்பையும் தளர்த்தியது. அந்த எண்ணெயில் ஏறத்தாழ பாதியாக இருக்கும் லினோலெயிக் அமிலம், சிறிதளவு கட்டாயம் தேவைப்படும் சத்துதான். மிகும்போது அதுவே இப்பாக்டீரியாவுக்கு உணவாகிறது.

எலிகளுக்கு நேர்வது அப்படியே மனிதர்க்கும் நேரும் என்று கொள்வதற்கில்லை. ஆகவே, சீனாவில் உடல்நலமுள்ள 217 இளையோரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வு கூடுதல் மதிப்புப் பெறுகிறது. ஆறு மாதங்களுக்கு ஒரு பிரிவினர் மொத்த ஆற்றலில் 20 விழுக்காட்டையும், மற்ற இரு பிரிவினர் முறையே 30, 40 விழுக்காட்டையும் கொழுப்பிலிருந்து பெற்றனர்; கொழுப்புக்கு முதன்மையாகப் பயன்பட்டது சோயா எண்ணெய். 40 விழுக்காட்டுப் பிரிவில், குடற்சுவரின் செல்களுக்கு எரிபொருளாகும் பியூட்டிரேட்டை உருவாக்கும் ஃபீக்கலிபாக்டீரியம் குறைந்தது. இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் உயர்ந்தன. 20 விழுக்காட்டுப் பிரிவிலோ அதே பாக்டீரியா பெருகியது.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் ஒலியிக் அமிலம் மிகுதி. நல்லெண்ணெயில் ஒலியிக்கும் லினோலெயிக்கும் ஏறக்குறைய சமம். இவ்வேறுபாடுகள் பொருட்படுத்தத் தக்கவையே எனினும், எந்த எண்ணெயாயினும் ஒரு கிராமுக்கு 9 கிலோ கலோரி தருவதில் மாற்றமில்லை. நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி உண்பவருக்கு 20 விழுக்காடு என்பது சுமார் 44 கிராம் கொழுப்பு, 40 விழுக்காடு என்பது சுமார் 89 கிராம். பாலிலும் தேங்காயிலும் வறுத்த பண்டத்திலும் மறைந்திருப்பதும் இக்கணக்கில் அடங்கும். ஆகவே, செக்கில் ஆட்டியதா, சுத்திகரித்ததா என்று பார்த்து வாங்கும் குடும்பம், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே சுமார் 14 கிராம் என்பதையும் கருத்திற்கொண்டு தாளிப்பிலும் பொரியலிலும் அளந்து ஊற்றுவது குடலுக்கு உகந்தது.