ஏர்கன் ஸ்கோப்: வாங்கி விற்பவர் அறிய வேண்டியவை



பலசரக்குக்கும் துப்பாக்கி ஸ்கோப்புக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சென்ற மாதம் நம் உறுப்பினர் ஒருவர் கீழமாசி வீதியில் உள்ள என் கடைக்கு வந்தார். மளிகையோடு பக்கத்து அறையில் விளையாட்டுச் சாமான்களும் விற்பவர். "அண்ணாச்சி, ஏர்கன்ல மாட்டுற ஸ்கோப் ஒரு டஜன் எடுக்கச் சொல்லி ஏஜெண்ட் நிக்கிறார். 40,000 ரூபா முன்பணம் கேக்கிறார். எடுக்கலாமா?" என்றார். என் பேரன் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சிக்குப் போகிறவன். அவனுக்காக அலைந்ததிலும், நானே ஒரு ஏர்கன் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டதிலும் எனக்குச் சிறிது அனுபவம் உண்டு. அவரிடம் சொன்னதையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் பலூன் சுட்டது பலருக்கும் நினைவிருக்கும். அந்தத் துப்பாக்கியில் கண்ணருகே ஒரு வெட்டு, குழல் நுனியில் ஒரு குமிழ், அதற்கப்பால் பலூன். மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். ஆனால் கண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரு தூரம்தான் தெளியும். ஸ்கோப் என்பது இந்தச் சிரமத்தைத் தீர்க்க வந்த சிறு தொலைநோக்கி. இலக்கும் குறுக்குக் கோடும் ஒரே தளத்தில் தெரியும். கோட்டை இலக்கில் வைத்து விசையை இழுத்தால் போதும். கை நடுக்கத்தை இது குறைக்காது. இலக்கைப் பெரிதாக்குவது போல நடுக்கத்தையும் பெரிதாக்கியே காட்டும்.

ஏஜெண்டுகள் முதலில் சொல்வது உருப்பெருக்கத்தைத்தான். "24 மடங்கு, 32 மடங்கு" என்பார்கள். பெட்டியில் 3-9x40 என்று போட்டிருந்தால் 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ. என்று பொருள். கண்ணாடி அளவை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 40-ஐ 9-ஆல் வகுத்தால் ஏறக்குறைய நாலரை மி.மீ. அந்த அகலத்துக்குத்தான் வெளிச்சம் நம் கண்ணுக்கு வந்து சேரும். அதே 40-ஐ 24-ஆல் வகுத்தால் 1.7 மி.மீ. தான். மாலை மங்கினால் படம் இருண்டுவிடும். வெறும் 4x32-இல் 8 மி.மீ. கிடைக்கிறது. மடங்கு கூடினால் சரக்கு உசத்தி என்று நினைப்பது, மூட்டை பெரிதாக இருந்தால் எடை கூடுதல் என்று நினைப்பது போல.

இரண்டாவது, தூரம். தோட்டாத் துப்பாக்கிக்குச் செய்த பல ஸ்கோப்புகள் 100 கெஜம், அதாவது 300 அடிக்கு நிலையாகப் பொருத்தப்பட்டு வரும். ஏர்கன்காரர் சுடுவதோ 30 அடியிலிருந்து 100 அடிக்குள். அந்த அளவில் இலக்கு மங்கும். கண்ணைச் சற்று அசைத்தாலே கோடு இடம் மாறுவது போல் தெரியும். தராசு முள்ளைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் தவறாகத் தெரிவதில்லையா, அதே குற்றம்தான். முன்கண்ணாடி வளையத்தையோ பக்கவாட்டுத் திருகையோ திருப்பி 10 கெஜம் வரை தெளிவாக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவதில்தான் நான் பணத்தை விட்டேன். ஸ்பிரிங் வைத்த ஏர்கன் இரு பக்கமும் உதைக்கும். உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும். பிஸ்டன் போய் நிற்கும்போது முன்னால் வெட்டி இழுக்கும். தோட்டாத் துப்பாக்கி பின்பக்கம் மட்டுமே உதைப்பதால், அதற்கென்று செய்த ஸ்கோப்பின் உள் கண்ணாடிகள் அந்தத் திசைக்குத்தான் பலப்படுத்தப்பட்டிருக்கும். நான் வாங்கிய 3-9x40 மூன்று வாரத்தில் உள்ளே கோடு சாய்ந்துவிட்டது. விற்ற கடைக்காரர் பில் தரவில்லை. கேட்டபோது "நீங்கள் தப்பாக மாட்டிவிட்டீர்கள்" என்று கதவைச் சாத்தினார். நானும் ஒரு வியாபாரி, பில் கேட்காமல் வாங்கியது என் தவறு. காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பி.சி.பி. வகை ஏர்கன்னில் இந்த உதைப்பு அநேகமாக இல்லை. வாங்க வருகிறவரிடம் "உங்கள் துப்பாக்கி ஸ்பிரிங்கா, பி.சி.பி.யா?" என்று கேட்காமல் ஸ்கோப் விற்கவே கூடாது.

இப்போது மின்னணு ஸ்கோப்புகள் வந்துள்ளன. உள்ளே கேமராவும் சிறு திரையும் இருக்கும். சிலவற்றில் லேசர் தூரமானியும் கணக்குப் போடும் கருவியும் சேர்ந்திருக்கும். கணக்கு எதற்கு? விநாடிக்கு 800 அடி வேகத்தில் கிளம்பும் ஈயக் குண்டு 30 அடிக்குள் ஒரு செ.மீ.க்கும் குறைவாகவே தாழும். 90 அடியில் ஏழெட்டு செ.மீ. தாழ்ந்துவிடும். தூரத்தை அளந்து எவ்வளவு உயர்த்திச் சுட வேண்டும் என்பதைக் கருவியே காட்டிவிடுகிறது. அமெரிக்க ராணுவம் 2022-இல் வோர்டெக்ஸ் நிறுவனத்திடம் ஒப்பந்தம் செய்த எக்ஸ்.எம்.157 இந்த ரகமே. வெப்பத்தைக் கொண்டு இருட்டில் காட்டும் கருவிகளை நம் பெங்களூரிலேயே டோன்போ இமேஜிங் நிறுவனம் பாதுகாப்புப் படைகளுக்காகச் செய்கிறது. 30 அடியில் காகித அட்டையைச் சுடுகிறவருக்கு இவை எதுவும் தேவையில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். என் பேரனைப் போன்ற போட்டிப் பிள்ளைகள் ஸ்கோப் வாங்கவே மாட்டார்கள். 10 மீட்டர் ஏர் ரைபிள் ஒலிம்பிக் போட்டியில் அதற்கு அனுமதி கிடையாது. சிறு துவாரத்தின் வழியாகத்தான் குறிபார்க்க வேண்டும். நடுப்புள்ளியோ 0.5 மி.மீ. மட்டுமே. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் அப்படித்தான். எனவே "ஊரில் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் நிறைய" என்று ஏஜெண்ட் சொல்வதை நம்பிச் சரக்கு எடுத்தால் அது அலமாரியிலேயே கிடக்கும்.

பின் யார் வாங்குவார்? பொழுதுபோக்காகச் சுடுகிறவர் சிலர். மயிலையும் புறாவையும் மனதில் வைத்து வருகிறவரும் உண்டு. தோட்டத்தில் மயில் படுத்தும் பாடு நம் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். ஆனாலும் மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை, சுட்டால் சிறைதான். ஏர்கன்னைப் பொறுத்தவரை 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ, 4.5 மி.மீ.க்கு மேல் குழல் விட்டமோ இருந்தால் உரிமம் வேண்டும். இரவில் காட்டும் ஸ்கோப்பையோ வெளிநாட்டுச் சரக்கையோ எடுக்குமுன் நகரத்தில் காவல் ஆணையர் அலுவலகத்திலும், வெளியூரில் கலெக்டர் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது.

கிட்டங்கியில் எலி சுடலாமே என்று சிலர் நினைப்பார்கள். நானும் அதற்காகத்தான் முதலில் ஏர்கன் வாங்கினேன். குண்டு ஈயம். குறி தவறியது துவரம்பருப்பு மூட்டைக்குள் போய்விட்டது. அந்த மூட்டையைப் பிரித்துச் சலித்தும் குண்டு அகப்படாததால், மூட்டையையே கழித்துவிட்டேன். அன்றிலிருந்து கிட்டங்கிக்கு எலிப்பொறிதான்.

அந்த உறுப்பினர் முன்பணம் கொடுக்கவில்லை. ஸ்பிரிங் ஏர்கன்னுக்கென்றே செய்த 4x32 இரண்டு மட்டும், பில்லுடனும் ஓராண்டு உத்தரவாதத்துடனும் எடுத்தார். மற்ற பத்தும் ஏஜெண்டிடமே திரும்பிப் போயின.