ராத்திரி ஷிப்ட் – 11: ஆள் போயாச்சு, பூட்டு போகலை

சித்திரை மாதத்துச் சாயங்காலம் கொல்லிமலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தால், ராசிபுரம், சேந்தமங்கலம் வட்டாரத்தில் இரண்டு காரியம் நிச்சயம். காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு ஓடுவார்கள், கரண்ட் போகும். 2020க்குப் பிறகு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் ஏதோ ஒரு சர்வரில் யாருடைய ஜாப்பாவது பூட்டிக்கொள்ளும்.

சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பொறியியல் படித்து வெளியூர் போன பிள்ளைகளில் பலர் கொரோனாவில் லேப்டாப்போடு ஊர் திரும்பினார்கள். சிலர் அப்படியே தங்கிவிட்டார்கள். வேலை ராத்திரி வேலை. வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ, பகலெல்லாம் நூறு இடத்தில் சேர்ந்த கணக்கை இரவில் அள்ளி, சலித்து, ஒரே கிடங்கில் கொட்ட வேண்டும். அள்ளுவதிலிருந்து கொட்டுவது வரையிலான ஒவ்வொரு வேலைத்தொகுப்புக்கும் ஜாப் என்று பெயர். இந்தத் தொடரில் நாம் பார்த்துவரும் டேட்டாஸ்டேஜ் மென்பொருளில் ஒருவர் ஜாப்பைத் திருத்தத் திறந்தால், அது அவர் பெயரில் பூட்டப்படும். இன்னொருவர் அதே நேரத்தில் கை வைக்கக் கூடாது என்பதற்காகத்தான். நல்ல ஏற்பாடு. மோடத்துக்குக் கரண்ட் இருக்கும்வரை.

லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு. மோடத்துக்குப் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. இணைப்பு அறுந்ததும் இந்தப் பக்கத்துத் திரை உறைந்துவிடும். அரை மணியில் கரண்ட் வந்து மறுபடி உள்ளே போனால், ராத்திரி பத்தரை மணிக்கு இப்படி ஒரு போன் உரையாடல் நடக்கும்:

"அண்ணா, கரண்ட் போயிட்டு வந்துச்சுங்க. ஜாப்பத் தொறந்தா, வேற ஆரோ வெச்சிருக்காங்கன்னு சொல்லுதுங்க."

"யாருன்னு பேர் காட்டுதா?"

"எம் பேருதானுங்ணா காட்டுது."

சிரிப்பாக இருக்கிறது. ஆனால் சர்வர் சொல்வது பொய்யில்லை. ஒழுங்காக வெளியே வருகிறவர் 'போய்வருகிறேன்' என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு வருகிறார். கம்பி அறுந்தால் அந்தச் செய்தி போவதில்லை. சர்வர் பக்கம் அவருக்கென்று ஒதுக்கிய ஒரு புராசஸ், டிஎஸ்ஏபிஐ ஸ்லேவ் என்பது அதன் பெயர், எதிர்முனை பேசும் என்று உட்கார்ந்திருக்கிறது. எதிர்முனை சும்மா இருக்கிறதா, செத்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. லினக்ஸில் இணைப்புக்கு உயிர் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வசதி உண்டு. ஆனால் வழக்கமான அமைப்பில் முதல் தட்டே 7,200 விநாடி, அதாவது 2 மணி நேரம் கழித்துத்தான். டேட்டாஸ்டேஜ் தானாகவே சும்மா இருப்பவரை வெளியேற்றும் கெடு அதைவிடத் தாராளம்: 86,400 விநாடி. ஒரு முழு நாள். அதற்குள் திரும்பி வந்தவருக்குப் புது புராசஸ், புது எண். பழைய எண்ணிடம் பூட்டு. புதிய எண்ணிடம் ஆள்.

இந்தப் பூட்டுக்கு வயது அதிகம். 1960களில் அமெரிக்க ராணுவத்தின் ஷயான் ஹெலிகாப்டருக்கு உதிரிபாகக் கணக்கு வைக்க, டிஆர்டபிள்யூ நிறுவனத்தில் டிக் பிக், டான் நெல்சன் இருவரும் ஒரு தரவு அமைப்பை வடிவமைத்தார்கள். அந்த வம்சத்தில் 1980களில் விமார்க் நிறுவனத்தின் யூனிவர்ஸ் பிறந்தது. அதே விமார்க் 1990களில் டேட்டாஸ்டேஜை எழுதியபோது யூனிவர்ஸை அதன் வயிற்றில் வைத்தது. பிறகு ஆர்டென்ட், இன்ஃபார்மிக்ஸ், அசென்ஷியல் என்று கைமாறி 2005இல் ஐபிஎம்மிடம் வந்தது. முதலாளிகள் மாறினார்கள்; வயிற்றுக்குள் இருந்தது மாறவில்லை. ஹெலிகாப்டர் நட்டு போல்ட்டுக்குப் பிறந்த குடும்பத்துப் பூட்டுதான் ராசிபுரத்து மழையில் சிக்குகிறது.

பூட்டை அவிழ்ப்பது பெரிய வித்தை இல்லை, ஒரு வரிக் கட்டளை. பிடித்திருப்பவர் உண்மையிலேயே போய்விட்டாரா என்று தெரிந்துகொள்வதுதான் வேலை. மின்வாரியத்தில் எல்.சி. என்று ஒன்று வாங்குவார்கள். லைன்மேன் கம்பத்தில் ஏறுமுன் துணைமின் நிலையத்தில் சொல்லி, அந்த லைனை நிறுத்தி, எல்.சி. வாங்கிக்கொண்டு போவார். வேலை முடிந்து வாங்கியவரே திருப்பித் தர வேண்டும். ரொம்ப நேரமாகிவிட்டதே, இறங்கியிருப்பார் என்று உள்ளே இருப்பவர் ஊகத்தில் சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இங்கே உயிர் போகாது. கணக்கு போகும்.

எனவே முதல் வேலை விசாரணை. பூட்டில் பெயர் இருந்தால் அவருக்கு ஒரு போன். எடுக்கவில்லையென்றால் டேட்டாஸ்டேஜின் டைரக்டர் திரையில் 'கிளீனப் ரிசோர்சஸ்' என்ற இடம். நிர்வாகி அனுமதி கொடுத்திருந்தால்தான் அது திறக்கும். அதில் ஓடும் புராசஸ்களும் பிடித்திருக்கும் பூட்டுகளும் தெரியும். அதுவும் கைகொடுக்காவிட்டால் நிர்வாகி வயிற்றுக்குள் இருக்கும் அந்த எஞ்சினுக்குள் இறங்கி 'லிஸ்ட்.ரீட்யூ' என்று கேட்பார். எந்தப் பதிவை, எந்தப் பயனர் எண், எந்த புராசஸ் பிடித்திருக்கிறது என்று பட்டியல் வரும். நம் ஜாப்பின் பெயரையோ எண்ணையோ அதில் தேடி, எதிரே உள்ள புராசஸ் எண்ணை எடுத்துக்கொண்டு இயங்குதளத்தில் பார்க்க வேண்டும். எப்போது தொடங்கியது? எந்த முகவரியிலிருந்து வந்த இணைப்பு? அது இப்போதும் உயிரோடிருக்கிறதா? ஜாப் உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தால் அதன் பிள்ளைப் புராசஸ்களும் கண்ணில் படும். அப்படிப் பட்டால் கையை எடுத்துவிட வேண்டியதுதான். ஒன்றும் இல்லையென்றால், அந்த ஒரு பயனர் எண்ணுக்கு மட்டும் 'அன்லாக்'.

எல்லாப் பூட்டையும் ஒரே அடியில் அவிழ்க்கவும் அதே கட்டளை இடம் தருகிறது. அவசரத்தில் அதைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் இன்னொரு ஜாப், நாமக்கல் கிளையின் லாரிக் கடன் தவணைகளை ஏற்றிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதன் பூட்டும் போய், யாரோ அதை மறுபடி ஓட்டினால், கட்டிய தவணை இருமுறை ஏறலாம். காலை அறிக்கையில் வசூல் ஓகோ என்றிருக்கும். ஏமாற்றம் மாதக் கடைசியில் தெரியும்.

8ஆம் பதிப்பிலிருந்து இன்னொரு சிக்கல். ஜாப்பின் வரைபடம் எஞ்சினுக்கு வெளியே தனி ரெபாசிட்டரிக்குக் குடிபோனது. அங்கும் பூட்டு உண்டு. அது வெப் கன்சோலில் தெரியும் பயனர் அமர்வைப் பிடித்துத் தொங்குகிறது. எஞ்சினில் அவிழ்த்துவிட்டு, "சரியாயிருக்கும், பாருங்க" என்று போனை வைத்தவர்களுக்கு ஐந்தாவது நிமிடம் அதே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வருவது இதனால்தான். செத்த அமர்வை அங்கேயும் முடிக்க வேண்டும்.

'சர்வரை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிடுங்க' என்பது மேலாளர்களுக்குப் பிடித்த மருந்து. பூட்டெல்லாம் போகும், உண்மைதான். ஓடிக்கொண்டிருக்கும் மற்ற ஜாப்களும் போகும்; எது ஏன் பூட்டியது என்ற தடயமும் போகும். இந்த வைத்தியத்தை நான் கடைசிக்கும் கடைசியாகத்தான் வைப்பேன். 'ஸ்டேட்டஸ் ஃபைலை அழித்துவிடு' என்பதும் அதே ரகம்: ஜாப் ஓடிக்கொண்டிருந்தால், ஓடுகிறது என்கிற குறிப்பை மட்டும் அழிக்கும். ஓட்டம் நிற்காது.

அப்படியானால் 86,400ஐக் குறைத்துவிட்டால் என்ன? குறைக்கலாம்; பலர் குறைக்கிறார்கள். பத்து நிமிடம் என்று வைத்தால், டீ குடிக்கப் போனவரின் சேமிக்காத வேலையும் சேர்ந்து போகும். ஒரு மணி, இரண்டு மணி என்று வைத்துவிட்டு, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் மோடத்துக்கு நிறுவனமே ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிக் கொடுத்தால் செலவு குறைவு. இதைச் சொன்னால் 'அது ஐடி பட்ஜெட்டா, எச்ஆர் பட்ஜெட்டா' என்று கேட்பார்கள்.

அடுத்த வாரம்: பாதியில் நின்ற ஜாப்பை எந்தப் படியிலிருந்து மறுபடி ஓட்டுவது?