தாழையோலையும் கைமாறும்

தறியையும் வயலையும் நம்பி வாழும் நம் அங்கத்தினர்கள், கடல் கடந்த கைத்தொழிலாளரின் கதையையும் அறிதல் நலம். பசிபிக் மகா சமுத்திரத்தின் மேற்பகுதியில் மரியானா தீவுகள் உள்ளன. குவாம், ரோட்டா, தினியன், சைப்பான் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. அவற்றின் ஆதிக்குடிகள் சாமோரோ மக்கள்.

இவர்களது முடைதலுக்குத் தறி வேண்டுவதில்லை. தாழை இனத்து ஓலையின் முள்ளை நீக்கி, உலர்த்தி, கீற்றுகளாகக் கிழித்துப் பாயும் கூடையும் தொப்பியும் முடைகின்றனர். பச்சைத் தென்னோலையும் அவர்கள் கையில் கூடையாகிவிடும். ஸ்பானியர் காலத்தில் பரவிய கொல்லுத்தொழிலையும் தமதாக்கிக்கொண்டனர். தந்தையிடம் அத்தொழிலைக் கற்று, பிறருக்கும் கற்பித்த குவாம் கொல்லர் ஹோவாக்கின் லூஹான், 1996-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய மரபுரிமை விருது பெற்றார்.

ஆயினும் எல்லாத் தொழிலும் இவ்வாறு தப்பவில்லை. 1668-இல் ஸ்பானியப் பாதிரிமார் வந்து தங்கியபின் நேர்ந்த போர்களாலும் நோய்களாலும் மக்கள்தொகை பெரிதும் குன்றியது. 1742-இல் தினியனில் தங்கிய ஆங்கிலத் தளபதி ஆன்சனின் கூட்டத்தார் வியந்து போற்றிய விரைவான பாய்மரப் படகு, பின்னர் கட்டுவாரின்றி மறைந்தது. இந்நூற்றாண்டில் அதை மீண்டும் கட்ட முனைந்தோர், அப்பயணத்தார் வரைந்த படத்தையே துணைகொள்ள நேர்ந்தது. முன்னோர் தொழிலை அந்நியர் ஏட்டிலிருந்து கற்கும் நிலை எவருக்கும் வரலாகாது.

கூட்டுறவாளராகிய நாம் கவனிக்கவேண்டியது மற்றொன்று உண்டு. திருமணமோ மரணமோ நேர்ந்த வீட்டிற்கு உற்றாரும் அயலாரும் பணமும் பண்டமும் உழைப்பும் தந்து உதவுவர். இதற்குச் 'செஞ்சூலி' என்று பெயர். பெற்றவர் அதை மறவாது, கொடுத்தவர் வீட்டுக் காரியத்தில் கைமாறு செய்வர். நம்மூர் மொய்யை இது நினைவூட்டுகிறதன்றோ?

இன்று தென்னைக்கே ஓர் ஆபத்து வந்துள்ளது. நம் தோப்புகளில் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு 2007-இல் குவாமில் கண்டறியப்பட்டது. பிற தீவுகளில் அதை அடக்கிய வைரஸ் நோய்க்கு அங்குள்ள வண்டினம் கட்டுப்படவில்லை. மரம் பட்டால் ஓலை ஏது? ஓலையின்றி முடைவோர் தொழில் ஏது? பயிரிடுவோரின் நஷ்டம் முடைவோரின் நஷ்டமுமாகும்.

2016-இல் பசிபிக் கலை விழாவைக் குவாம் ஏற்று நடத்தியது. தீவுகள் பலவற்றின் கலைஞர்கள் அங்கே கூடினர். விழா சில நாட்களில் முடியும். தொழில் நிலைப்பது பயிற்சியால். அறிந்தவர் ஒருவர் தம் கைத்திறனை ஓர் இளைஞருக்கேனும் கற்பித்தல், முன்னோருக்கு நாம் செய்யும் கைமாறு ஆகும்.